நாணயம் மிதக்கிறது, தேங்காய் வெடிக்கிறது: அசைவூட்ட இயற்பியலில் பிழை தேடும் வழி

"அக்கா, புவியீர்ப்பே வேலை செய்யவில்லை" என்று தம்பி மடிக்கணினியை என் பக்கம் திருப்பினான். உணவங்காடி மேசையின் விளிம்பிலிருந்து ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நாணயம் தரையில் விழவேண்டிய காட்சி. நாணயம் விழத்தான் செய்தது. ஆனால் யாருக்கோ காத்திருப்பதுபோல் அவசரமே இல்லாமல் இறங்கி, பாதி வழி தாண்டியதும் அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டது. நான் வருவதற்குள் அவன் நாணயத்தின் நிறையை ஐந்து கிலோ, ஐம்பது கிலோ என்று ஏற்றிப் பார்த்திருந்தான். அது இம்மியும் வேகமெடுக்கவில்லை. நிறை கூடினால் விழும் வேகம் கூடாது என்று பள்ளியில் படித்ததை நாம் எல்லோரும் மென்பொருளைத் திறந்தவுடன் மறந்துவிடுகிறோம்.

சமூக மன்றத்தில் சனிக்கிழமைதோறும் நான்கு பேர் கூடி ஒரு சிறு படம் செய்துகொண்டிருந்தோம். தைப்பூசத்துக்கு முந்தைய நாள் டேங்க் ரோடு கோயிலிலிருந்து வெள்ளி ரதம் கியோங் சைக் சாலைக்குப் புறப்படும் வேளையில், வழியில் ஒரு தேநீர்க் கடையில் நடப்பதுதான் கதை. நாணயம் விழும், தே தாரிக் என்னும் இழுத்து ஆற்றும் பால் தேநீர் ஊற்றப்படும், பட்டுச் சேலை அசையும், ரதத்தின் முன் தேங்காய் உடையும். நான்கும் நான்கு விதமாகச் சொதப்பின. அப்போது நோட்டில் குறித்துவைத்தவற்றைத்தான் அறிகுறிவாரியாக இங்கே தருகிறேன்.

நாங்கள் பயன்படுத்தியது பிளெண்டர் என்னும் முப்பரிமாண அசைவூட்ட மென்பொருள். அதில் திடப்பொருள்களைக் கணக்கிடுவது எர்வின் கூமன்ஸ் உருவாக்கிய புல்லட் என்னும் இயற்பியல் பொறி. கீழே வரும் தொடக்க மதிப்புகள் பிளெண்டரில் உள்ளவை. ஹூடினி, மாயா போன்ற வேறு மென்பொருள்களில் வேலை செய்கிறவர்களுக்குப் பொத்தானின் பெயர் மாறும், நோய் மாறாது. நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை உராய்வு, நிறை, துள்ளல் என்று நம் கண்ணை இழுக்கும் எண்களில் இருந்ததில்லை. பொருளின் அளவு, கணக்கிடும் காலப்படி, மோதலுக்குப் பயன்படும் வடிவம் என்ற மூன்றில்தான் ஒளிந்திருந்தன. அதனால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள். எண்களைத் திருகுவதற்கு முன் கோப்பை வேறு பெயரில் ஒருமுறை சேமித்துவிடுங்கள். எதை மாற்றினோம் என்பது மூன்றாவது மாற்றத்துக்குப் பிறகு யாருக்கும் நினைவிருப்பதில்லை.

எதை மாற்றினாலும் எதுவும் மாறவில்லை

பழைய கணக்கை மென்பொருள் சேமித்துவைத்திருக்கிறது. அந்தச் சேமிப்பை அழித்துவிட்டு, முதல் ஃபிரேமுக்கு, அதாவது அசைவின் முதல் நிலைப்படத்துக்கு, போய் அங்கிருந்து ஓட்டுங்கள். நடுவில் குதித்து நாற்பதாவது ஃபிரேமைப் பார்த்தால் கிடைப்பது குப்பை. இயற்பியலில் ஒவ்வொரு ஃபிரேமும் முந்தையதிலிருந்து பிறக்கிறது.

250ஆவது ஃபிரேமில் எல்லாம் உறைந்துவிடுகிறது

சேமிப்பின் முடிவு எண் தொடக்கத்தில் 250 என்று இருக்கும். காட்சியின் நீளத்தை நீட்டினால் இது தானாக நீளாது. திடப்பொருளுக்கு ஓரிடம், துணிக்கு வேறிடம் என்று தனித்தனியாக மாற்றவேண்டும். தம்பியின் நாணயம் அந்தரத்தில் நின்றதற்குக் காரணம் இதுதான். ஆனால் ஒரு நாணயம் 250 ஃபிரேம் வரை ஏன் விழுந்துகொண்டே இருந்தது? அதற்குத்தான் அடுத்த அறிகுறி.

பொருள்கள் நிலவில் விழுவதுபோல் மெதுவாக விழுகின்றன

தம்பி கெட்டிக்காரன். நாணயத்தை உண்மையான அளவில் செய்யவேண்டும் என்று 2013இல் வந்த மூன்றாம் வரிசை ஒரு வெள்ளி நாணயத்தின் அளவைத் தேடி எடுத்திருந்தான்: விட்டம் 24.65 மில்லிமீட்டர், தடிப்பு 2.5 மில்லிமீட்டர். வேறொரு வடிவமைப்பு மென்பொருளில் மேசையையும் நாணயத்தையும் மில்லிமீட்டரில் வரைந்து எஸ்டிஎல் கோப்பாகக் கொண்டுவந்தான். அந்தக் கோப்பில் வெறும் எண்கள்தான் இருக்கும், அலகு இருக்காது. பிளெண்டரின் இயற்பியலுக்கு ஓர் அலகு என்றால் ஒரு மீட்டர். ஆகவே அங்கே இருந்தது 24 மீட்டர் அகல நாணயம். மேசையின் உயரம் 750 மீட்டர்.

இப்போது கணக்கைப் போடுங்கள். விழும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 75 சென்டிமீட்டர் மேசையிலிருந்து தரைக்கு 0.39 வினாடி, வினாடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஒன்பதரை ஃபிரேம் இருக்கும். 750 மீட்டரிலிருந்து 12 வினாடிக்கு மேல், அதாவது 297 ஃபிரேம். ஆயிரம் மடங்கு பெரிதாக்கினால் ஏறத்தாழ 32 மடங்கு மெதுவாகும். மென்பொருள் தவறே செய்யவில்லை. சாங்கி விமான நிலையத்து விமானம் தூரத்தில் ஊர்ந்து இறங்குவதுபோல் தெரிவதும், பக்கத்தில் ஒரு கரண்டி விழுவது கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுவதும் நமக்குப் பழகிய காட்சிகள். பார்ப்பவரின் மூளை வேகத்தை வைத்தே அளவை ஊகிக்கிறது.

சோதிப்பது எளிது. ஒரு புதிய கனசதுரத்தைச் சேருங்கள். பிளெண்டரில் அது இரண்டு மீட்டர் பக்கம் கொண்டது. அதன் பக்கத்தில் உங்கள் பொருளை நிறுத்திப் பாருங்கள். தேநீர்க் கோப்பை அந்தக் கனசதுரத்தைவிட உயரமாக இருந்தால் வேறெங்கும் தேடவேண்டாம். சுருக்கியபின் கண்ட்ரோல்-ஏ அழுத்தி அந்த அளவை நிலைப்படுத்துங்கள். வலப்பக்கப் பட்டியலில் ஸ்கேல் என்ற இடத்தில் மூன்று எண்ணும் 1 என்று காட்டவேண்டும். காட்டவில்லை என்றால் மோதல் வடிவம் ஒன்று, கண்ணுக்குத் தெரியும் வடிவம் வேறொன்று என்று ஆகிவிடும். இந்த ஒரு படியைத் தவறவிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் வேறெங்கோ தேடியவர்கள் பட்டியலில் நானும் உண்டு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உண்மையான அளவுக்குச் சுருக்கிய நாணயம் புல்லட்டுக்கு மிகச் சிறியது. அசையும் பொருள் ஏறத்தாழ 20 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்று அதன் கையேடே சொல்கிறது. நாணயம், கோலிக்குண்டு, ஏலக்காய் போன்றவற்றோடு வேலை செய்யும்போது நான் காட்சி முழுவதையும் பத்து மடங்கு பெரிதாக்கி, ஈர்ப்பு முடுக்கத்தையும் பத்து மடங்காக்கி 98.1 என்று வைத்துவிடுகிறேன். இரண்டும் ஒரே மடங்கில் கூடினால் விழும் நேரம் மாறாது. பொறிக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே ஈர்ப்பு முடுக்கம் 9.78தானே, அதை மாற்றவேண்டாமா என்று வகுப்பில் ஒரு தங்கை கேட்டாள். நல்ல கேள்வி. வித்தியாசம் ஆயிரத்தில் மூன்று பங்கு. மேசையிலிருந்து விழும் நாணயத்தில் அது ஒரு ஃபிரேமின் நூறில் சில பங்குகூட வராது. 9.81ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.

வேகம் சற்றே பிசகியிருந்தால், மிகவும் அல்ல சற்றே என்றால், ஃபிரேம் வேகத்தைப் பாருங்கள். 24இல் கணக்கிட்டுச் சேமித்துவிட்டு, இங்கே தொலைக்காட்சிக்குக் கொடுக்க 25 ஆக்கினால் எல்லாம் நான்கு விழுக்காடு வேகமாகும். 60 ஆக்கினால் இரண்டரை மடங்கு. ஃபிரேம் வேகத்தை முதல் நாளே முடிவுசெய்யுங்கள். மாற்றியே ஆகவேண்டும் என்றால் சேமிப்பை அழித்து மறுபடி கணக்கிடுங்கள்.

தரைக்கு மேலே மிதந்து நிற்கிறது. அல்லது தரையைத் துளைத்துக்கொண்டு போகிறது

இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் ஒன்றைத் தீர்க்கப் போய்த்தான் பலர் மற்றொன்றை வரவழைத்துக்கொள்கிறார்கள்.

ஒவ்வொரு பொருளைச் சுற்றியும் புல்லட் ஒரு மெல்லிய பாதுகாப்பு விளிம்பை வைக்கிறது. பட்டியலில் மார்ஜின் என்று இருக்கும். தொடக்க மதிப்பு 0.04, அதாவது நான்கு சென்டிமீட்டர். பெட்டி, உருண்டை போன்ற வடிவங்களில் அது உள்ளுக்குள் அடங்கிவிடும். பொருளின் மேற்பரப்பை அப்படியே பின்பற்றும் மெஷ் என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் அடங்காது, வெளியே நிற்கும். இரண்டரை மில்லிமீட்டர் நாணயம் நான்கு சென்டிமீட்டர் மெத்தைமேல் படுத்தால் மிதக்காமல் என்ன செய்யும்? உடனே எல்லோரும் செய்வது அந்த மதிப்பைப் பூஜ்ஜியமாக்குவது. மிதப்பு நின்றுவிடும், மகிழ்ச்சி. அடுத்த முறை ஓட்டும்போது நாணயம் தரைக்குள் மறைந்துபோகும்.

காரணம் காலப்படியில் இருக்கிறது. கணினி தொடர்ச்சியாகப் பார்ப்பதில்லை, விட்டுவிட்டுப் பார்க்கிறது. பிளெண்டர் ஒரு ஃபிரேமைப் பத்து உட்படிகளாக வெட்டிக் கணக்கிடுகிறது. வினாடிக்கு 240 பார்வை. மேசையிலிருந்து விழும் நாணயம் தரையை நெருங்கும்போது வேகம் வினாடிக்கு 3.8 மீட்டர், இரண்டு பார்வைகளுக்கு இடையே 1.6 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். நாணயத்தின் தடிப்போ கால் சென்டிமீட்டர். தரையோ தடிப்பே இல்லாத ஒரு தாள். ஒரு பார்வையில் மேலே இருக்கிறது, அடுத்த பார்வையில் கீழே இருக்கிறது. இரண்டு முறையும் மோதல் இல்லை. கணினியைப் பொறுத்தவரை எதுவும் நடக்கவில்லை.

உட்படியை ஏற்றித் தீர்க்கலாம். இந்த நாணயத்துக்கு ஒரு படியில் தன் தடிப்பளவு மட்டும் நகரவேண்டும் என்றால் 64 வேண்டும். கணக்கிடும் நேரமும் அதற்கேற்ப நீளும். அதைவிட மலிவான மருந்து, தரையைத் தாளாக விடாமல் ஒரு மீட்டர் ஆழமுள்ள பெட்டியாக மாற்றி, வடிவத்தைப் பாக்ஸ் என்று வைப்பது. நாணயம் கொஞ்சம் உள்ளே போனாலும் பொறி அதைக் கண்டுகொண்டு மேலே தள்ளிவிடும். மார்ஜினைச் சுழியாக்காமல் நாணயத்தின் தடிப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வையுங்கள். நாங்கள் தரையைப் பெட்டியாக்கி, உட்படியை 20 ஆக்கினோம். அதற்குப் பிறகு ஒரு நாணயமும் தொலையவில்லை.

மிதப்பதில் வேறொரு வகையும் உண்டு. கோப்பைக்குள் விழவேண்டிய சர்க்கரைக் கட்டி கோப்பையின் வாய்மேல், கண்ணுக்குத் தெரியாத மூடியில் உட்கார்ந்ததுபோல் நிற்கும். மோதல் வடிவம் கான்வெக்ஸ் ஹல் என்று இருக்கிறது என்று பொருள். அது பொருளை ஒரு துணியால் இறுகச் சுற்றிக் கட்டியதுபோல. குழிகள் எல்லாம் மூடப்படும். நகராத கோப்பை என்றால் மெஷ் என்று மாற்றுங்கள். நகரும் கோப்பை என்றால் சுவரைப் பல சிறு பெட்டிகளாகச் செய்து, காம்பவுண்ட் பேரன்ட் முறையில் ஒரே பொருளாக இணைப்பது நல்லது. நகரும் மெஷ் மெதுவானது, நடுக்கமும் எடுக்கும்.

முதல் ஃபிரேமிலேயே எல்லாம் வெடித்துச் சிதறுகிறது

தேங்காய்க் காட்சியை முதன்முதலில் ஓட்டியபோது, யாரும் எறிவதற்கு முன்பே தேங்காய் காற்றில் சிதறியது. பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

இரண்டு பொருள்கள் தொடக்கத்திலேயே ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருந்தால், பொறி அவற்றை ஒரே உட்படியில் பிரிக்கப் பார்க்கும். அவ்வளவு குறைந்த நேரத்தில் பிரிக்க வேண்டுமானால் பெரிய வேகம் தேவை. அந்த வேகம்தான் வெடிப்பு. உடைத்த துண்டுகளில் இது கட்டாயம் நடக்கும்: ஓடு வளைந்தது, துண்டும் வளைந்தது, அதைச் சுற்றிய கான்வெக்ஸ் ஹல் பக்கத்துத் துண்டின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். கண்ணால் பார்த்தால் துண்டுகள் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். மோதல் வடிவங்கள் மட்டும் நெரிசல் நேரத்து எம்ஆர்டி ரயில் பெட்டிபோல இருக்கும்.

மூன்று வேலை செய்தோம். துண்டுகள் ஒவ்வொன்றையும் அதனதன் மையத்தை நோக்கி நூலிழை அளவு சுருக்கினோம். பெரிய துண்டுகளை மேலும் இரண்டாகப் பிரித்து ஹல்லின் பிதுக்கத்தைக் குறைத்தோம். மூன்றாவதுதான் உண்மையில் கைகொடுத்தது: தரையைத் தொடும்வரை துண்டுகளை இயற்பியலிடமே ஒப்படைக்கவில்லை. அவற்றின் அனிமேட்டட் குறியை இட்டு, முழுத் தேங்காயோடு சேர்ந்தே பயணிக்கவிட்டோம். தரையைத் தொட்ட ஃபிரேமில் குறியை எடுக்கும்படி கீஃபிரேம் (இந்த ஃபிரேமில் இதைச் செய் என்னும் அடையாளம்) வைத்தோம். அந்தக் கணத்தில் இருந்த வேகத்தைத் துண்டுகள் எடுத்துக்கொள்ளும். முழுத் தேங்காய் அதே ஃபிரேமில் மறைந்துவிடும்.

அடுக்கிவைத்தவை நடுங்குகின்றன

முதலில் கனத்தைப் பாருங்கள். லேசான பொருள்மேல் மிகக் கனமான பொருள் உட்கார்ந்திருந்தால் பொறி திணறும். காகிதக் கோப்பைமேல் ஆட்டுக்கல்லை வைத்ததுபோல. ஒன்றை ஒன்று தொடும் பொருள்களின் நிறை பத்து மடங்குக்கு மேல் வேறுபடாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம். திரையில் யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை. பிறகு பொறி ஒவ்வொரு படியையும் எத்தனை முறை திரும்பத் தீர்த்துப் பார்க்கிறது என்னும் சால்வர் இட்டரேஷன்ஸைப் பத்திலிருந்து முப்பது, ஐம்பது என்று ஏற்றுங்கள். டிஆக்டிவேஷன் குறியை இட்டால், அசைவு குறைந்த பொருளைப் பொறி தூங்கவிட்டுவிடும். அடுக்கு தொடக்கத்திலேயே அசையாமல் நிற்கவேண்டும் என்றால் ஸ்டார்ட் டிஆக்டிவேட்டட் என்பதையும் சேர்த்து இடுங்கள். ஏதாவது மோதினால்தான் விழித்தெழும்.

பூமாலையை மணிமணியாகக் கோத்து இயற்பியலிடம் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வேண்டாம். கோவை நீளும், நடுங்கும், அறும். துணியாகவோ எலும்புக்கூட்டு அசைவாகவோ செய்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள்.

பந்து துள்ளவில்லை, சரிவில் நிற்கவேண்டியது வழுக்குகிறது

புல்லட் இரண்டு பொருள்களின் துள்ளல் மதிப்புகளையும் பெருக்குகிறது. பந்துக்கு 0.9 கொடுத்துவிட்டுத் தரையை மறந்துவிட்டால், தரையின் தொடக்க மதிப்பு 0. பெருக்கினால் வருவதும் 0. இரண்டுக்கும் 0.9 கொடுத்தால் 0.81 கிடைக்கும், அது வேகத்தின் மடங்கு என்பதால் பந்து எழும் உயரம் முதல் துள்ளலில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும்.

உராய்வும் அப்படியே. இரண்டு பக்கமும் தொடக்க மதிப்பு 0.5, பெருக்கினால் 0.25. அந்த உராய்வில் 14 டிகிரி சரிவிலேயே பொருள் வழுக்கத் தொடங்கும். எண்ணெய் சிந்திய தரைபோல் இருக்கிறது என்று புலம்புபவர்கள் இரண்டையும் 0.8 ஆக்கிப் பாருங்கள். 32 டிகிரிவரை பிடித்து நிற்கும்.

சேலை ரப்பராக நீள்கிறது, கொசுவம் குடையாக விரிகிறது

துணி நெடுங்காலம் இந்தத் துறையின் தலைவலி. புள்ளிகளை வில்சுருள்களால் இணைத்ததே துணி. சுருள் விறைப்பாக இருந்தால் காலப்படி மிகச் சிறியதாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கணக்கு வெடிக்கும். 1998இல் டேவிட் பாராஃபும் ஆண்ட்ரூ விட்கினும், அடுத்த படியின் விசையையும் கணக்கில் சேர்த்துத் தீர்க்கும் முறையில் பெரிய காலப்படியிலும் துணி வெடிக்காமல் நிற்கும் என்று காட்டினார்கள். வெடிப்பு நின்றது. அதற்கு விலையாகத் துணி சற்றே சோம்பலாகும். ஆகையால் இன்று துணியில் நாம் காணும் பிழைகள் பெரும்பாலும் வெடிப்பாக வருவதில்லை. நீட்சியாகவும் தொய்வாகவும் வருகின்றன.

நீண்டால் முதலில் குவாலிட்டி ஸ்டெப்ஸ் என்ற உட்படி எண்ணிக்கையை 5இலிருந்து 12 அல்லது 15 ஆக்குங்கள். பிறகு டென்ஷன் என்ற இழுவிறைப்பை ஏற்றுங்கள். இந்த வரிசை முக்கியம்; படிகளை ஏற்றாமல் விறைப்பை மட்டும் ஏற்றினால் துணி நடுங்கும். அடுத்து, நிறை புள்ளிக்கு இவ்வளவு என்று கொடுக்கப்படுவதை மறக்காதீர்கள். மடிப்பு நன்றாக விழட்டும் என்று துணியை மேலும் இரண்டாக, நான்காகப் பிரித்தால் புள்ளிகள் பெருகும், சேலை கனக்கும், நேற்றுவரை சரியாக இருந்தது இன்று தொங்கும். பிரித்தவுடன் நிறையைக் குறைக்கவேண்டும். பிரிப்பது துணிக் கணக்குக்கு முன்னால் இருக்கட்டும். வழுவழுப்புக்காகச் சேர்க்கும் சப்டிவிஷன் அதற்குப் பின்னால் இருக்கட்டும்.

எங்கள் பட்டுச் சேலைக்கு முதலில் சில்க் என்ற தயார்நிலை மதிப்பைத்தான் எடுத்தோம். அதில் வளைவு விறைப்பு 0.05. திரையில் வந்தது கழுத்துக்குட்டைத் துணி. காஞ்சிப் பட்டின் சரிகைக் கரை ஒருநாளும் அப்படி வழிந்து ஓடாது. கல்யாண வீட்டில் உட்கார்ந்து எழுந்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும், கரை தனக்கென்று ஒரு மனம் வைத்திருக்கும். கரைப்பகுதிப் புள்ளிகளை ஒரு குழுவாக்கி, வளைவு விறைப்பை அந்தக் குழுவுக்கு மட்டும் உயர்த்தினோம். தங்கை அதைப் பார்த்துவிட்டு, "இப்போதுதான் அக்கா இது விலையுள்ள சேலையாகத் தெரிகிறது" என்றாள்.

கொசுவம் வேறு கதை. தன்மேல் தானே மோதும் கணக்கை இயக்கியவுடன் எட்டு மடிப்பும் புஸ்ஸென்று விரிந்து பாவாடையைப் போல் நின்றது. மடிப்புகளுக்கு இடையே நாங்கள் விட்டிருந்த இடைவெளி ஒரு சென்டிமீட்டர். மென்பொருள் காக்கப் பார்க்கும் தூரம் 0.015, ஒன்றரை சென்டிமீட்டர். ஒவ்வொரு மடிப்பும் பக்கத்து மடிப்பைத் தள்ளியது. அந்தத் தூரத்தை 0.004 ஆக்கி, இடுப்புப் பகுதியை ஊக்கு குத்தியதுபோல் முழுவதுமாக அசையாமல் பிடித்துவைத்து, அதற்கு அரை அடி கீழேவரை பிடிப்பைப் படிப்படியாகக் குறைத்தோம். நிஜத்தில் ஊக்கு குத்துவதும் அதே இடத்தில்தான்.

உடல் துணியைக் கிழித்து வெளியே எட்டிப்பார்த்தால், உடலின் அந்தப் பகுதியை மறைத்துவிடுங்கள். சேலைக்குள் இருக்கும் முழங்காலை யாரும் தேடப்போவதில்லை.

தே தாரிக் துளித்துளியாகச் சிதறுகிறது, கோப்பை ஒழுகுகிறது

திரவக் கணக்கு, 2.82 பதிப்பிலிருந்து பிளெண்டரில் மாண்டாஃப்ளோ என்ற பொறியிடம் இருக்கிறது. ஒரு பெட்டியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து அது கணக்கிடும். பெட்டியின் மிக நீண்ட பக்கத்தை எத்தனையாகப் பிரிப்பது என்பதே ரெசல்யூஷன், தொடக்கத்தில் 32. ஒரு மீட்டர் உயரப் பெட்டியில் ஒரு கட்டம் மூன்று சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ள தேநீர்த் தாரை அந்தக் கட்டத்துக்குள் எப்படித் தெரியும்? 256 ஆக்கினால் கட்டம் 3.9 மில்லிமீட்டர். ஆனால் கட்டங்களின் எண்ணிக்கை எட்டின் கனம், 512 மடங்கு. கனசதுரப் பெட்டியில் அது ஏறத்தாழ 1 கோடியே 68 லட்சம் கட்டங்கள். தாரையை மட்டும் சுற்றி 30 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பெட்டியை ஒடுக்கினால் அதே நுணுக்கம் சுமார் 15 லட்சம் கட்டங்களில் கிடைக்கும். இதைச் செய்யாமல் புதுக் கணினி வாங்கப் போகாதீர்கள்.

ஒழுகுவதற்குக் காரணம் கோப்பையின் சுவர் கட்டத்தைவிட மெல்லியதாக இருப்பது. வெளிப்பக்கம் தடித்த, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோப்பையைச் செய்து, திரவம் அதில் மோதட்டும் என்று விடுங்கள். அழகான கோப்பை பார்வைக்கு மட்டும்.

256 வைத்தும் எங்கள் தாரை அடிப்பகுதியில் அறுந்துகொண்டே இருந்தது. இதில் ஓர் இரவு போயிற்று. கடைசியில் காகிதத்தில் கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. வாயிலிருந்து வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் கிளம்பும் தேநீர், ஒரு மீட்டர் கீழே வரும்போது நாலரை மீட்டர் வேகம் எடுத்துவிடும். வேகம் கூடக்கூடத் தாரை மெலியும். மேலே ஒரு சென்டிமீட்டர் என்றால் கீழே ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு. ஏறத்தாழ ஒரே ஒரு கட்டம். அறாமல் என்ன செய்யும்? தே தாரிக் இழுப்பவரின் கையை அடுத்தமுறை பாருங்கள், மேலே கயிறுபோல் தொடங்கி கீழே நூலாக முடியும். அந்தக் கயிற்றை நாங்கள் கையாலேயே ஒரு குழல் வடிவமாகச் செய்து அசைத்தோம். திரவக் கணக்கைக் கோப்பைக்குள் கலங்கும் தேநீருக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். நுரையும் ஓவியம்தான்.

என் கணினியில் ஒன்று, வேறு கணினியில் வேறொன்று

காட்சியை வெளியே ஒரு நிறுவனத்திடம் ரெண்டர் செய்து இறுதிப் படமாக்கக் கொடுத்தோம். திரும்பி வந்த படத்தில் தேங்காய்த் துண்டு ஒன்று கேமராவை மறைத்துக்கொண்டு நின்றது. அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. நாங்கள் சேமிப்புக் கோப்புறையை அனுப்ப மறந்திருந்தோம், அவர்களும் கேட்கவில்லை, அவர்களுடைய கணினி புதிதாகக் கணக்கிட்டுக்கொண்டது. மோதல்களில் ஒரு தசமப் புள்ளி வித்தியாசம் பத்து மோதலுக்குப் பிறகு வேறு உலகமாகிவிடும். திடப்பொருள்களை பேக் டு கீஃபிரேம்ஸ் கொடுத்துச் சாதாரண அசைவாக மாற்றி அனுப்புங்கள். துணிக்கு, அசைவை அப்படியே பதிந்துவைக்கும் அலெம்பிக் கோப்பு.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் நம்பமுடியவில்லை

இது மருந்துச் சீட்டில் அடங்காத நோய். தேங்காய்க் காட்சியில் வெடிப்பை நிறுத்திய பிறகும் அது தேங்காயாக உடையவில்லை, சாக்லேட்டாக உடைந்தது. முப்பது துண்டுகள், எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு.

தேக்கா சந்தையில் இரண்டு தேங்காய் வாங்கிவந்து, புளோக்கின் கீழ்த்தளத்தில் பழைய விரிப்பின்மேல் ஒரு கல்லை வைத்து உடைத்தோம். கைபேசியில் வினாடிக்கு 240 ஃபிரேம் பதிவு. எங்கள் படத்தின் ஒரு ஃபிரேமுக்கு அதில் பத்து. தேங்காய் மூன்று பெரிய துண்டாகவும் கொஞ்சம் தூளாகவும்தான் உடைந்தது. பருப்பு ஓட்டோடு ஒட்டிக்கொண்டே போனது. துண்டுகள் பிரிவதற்கு முன்பே விரிசல் வழியாகத் தண்ணீர் பீறிட்டது. கவிழாமல் மல்லாந்து விழுந்த துண்டு முதுகை ஊன்றிக்கொண்டு தொட்டில்போல் நெடுநேரம் ஆடியது.

இந்தக் கடைசி ஆட்டம் எங்கள் கோப்பில் வரவேயில்லை. பிளெண்டர் ஒரு பொருளின் நிறைமையமாக அதன் ஆரம்பப் புள்ளியை எடுத்துக்கொள்கிறது. எங்கள் துண்டுகளில் அது எங்கோ ஓரத்தில் இருந்தது. செட் ஆரிஜின் பட்டியலில் சென்டர் ஆஃப் மாஸ், வால்யூம் என்பதைக் கொடுத்தோம். சுழற்சியை அடக்கும் கோணத் தணிப்பை 0.1இலிருந்து 0.02 ஆக்கினோம். ஆடியது.

இன்னொன்றையும் அந்தப் பதிவிலிருந்து கற்றோம். ஓங்கி எறிந்த தேங்காய் வினாடிக்குப் பத்து மீட்டர் வந்தால் ஒரு ஃபிரேமுக்கு 42 சென்டிமீட்டர் கடக்கும். தரையைத் தொடும் கணம் பெரும்பாலும் இரண்டு ஃபிரேமுக்கு நடுவே விழுந்துவிடும். 41இல் தேங்காய் முழங்கால் உயரத்தில் இருக்கிறது, 42இல் துண்டுகள் சிதறியிருக்கின்றன. அடி விழுந்ததைக் கண் பார்க்கவே இல்லை. ஆகவே 42ஐ நாங்கள் இயற்பியலிடமிருந்து பறித்துக்கொண்டோம்: தேங்காய் தரையைத் தொட்டு, ஒரே ஒரு விரிசலோடு, தண்ணீர் மட்டும் பீறிடும் நிலை. துண்டுகளை 43இல்தான் அவிழ்த்துவிட்டோம். கணக்குப்படி அது பொய். திரையில் அதுதான் தேங்காய்.

துண்டின் ஓரத்தில் பருப்பு எவ்வளவு தடிப்பு என்று மறுபடி பார்க்க மாலையில் வீட்டுக்கு வந்தேன். அம்மா இரண்டையும் துருவித் துவையல் அரைத்து முடித்திருந்தார்.